படம் உடைகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கைப்பேசித் திரையில் தெளிவாகத் தெரிந்த புகைப்படம், சட்டம் போடுவதற்காகப் பெரிதாக்கியதும் உடைந்துபோவது ஸ்டூடியோ வேலையில் அன்றாடம் காணும் சங்கதி. வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணக் குழுப்படம் ஒன்றைக் கொடுத்து, அதில் ஓரமாக நிற்கும் தாத்தாவை மட்டும் வெட்டியெடுத்து, 8-க்கு 12 அங்குலத்தில் "கொஞ்சம் கிளியர் பண்ணிக் குடுங்க" என்று கேட்பார்கள். உடனே மென்பொருளைத் திறந்து படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பன் ஸ்லைடரை வலப்பக்கம் இழுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம். கோளாறு இன்னதென்று தெரியாமல் அப்படி இழுத்தால், படத்தில் இருக்கும் அழுக்குத்தான் முதலில் கூர்மையாகும். அளவு போதாமல் உடைவது வேறு, கோப்பளவைக் குறைக்கும் ஜேபெக் (JPEG) சுருக்கத்தால் கட்டம் விழுவது வேறு, வெளிச்சம் போதாமல் புள்ளி அடிப்பது வேறு, கை ஆடியதால் உருவம் இழுபட்டிருப்பது வேறு. ஒன்றுக்குப் பயன்படும் வழி இன்னொன்றை மேலும் கெடுக்கும் என்பதால், இங்கே அறிகுறி வாரியாகவே சொல்லப்படுகிறது.

இலவசமாகக் கிடைப்பதாலும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குவதாலும் கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருளை வைத்தே விளக்கியிருக்கிறேன். 2.10 பதிப்பிலும் 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பிலும் இந்த மெனுக்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. போட்டோஷாப்பில் வேறு வழி சுலபமாக இருந்தால் அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

படத்தைத் திறந்ததும் விசைப்பலகையில் 1 என்ற எண்ணை அழுத்துங்கள். படத்தின் ஒரு பிக்சல் (படத்தை ஆக்கும் மிகச் சிறிய நிறப்புள்ளி) திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும் நூறு சதவீதக் காட்சி வரும். உடைகிறது என்று சொல்லப்படும் படங்களில் சில, இந்தக் காட்சியில் பார்த்தால் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். 400 சதவீதத்துக்குப் பெருக்கிப் பார்த்ததால் வந்த பயமாகவே அது முடிந்துவிடும். குறை உண்மையில் இருக்கிறது என்றால், இமேஜ் மெனுவில் இமேஜ் ப்ராபர்ட்டீஸ் திறந்து பிக்சல் கணக்கைப் பாருங்கள்.

கணக்கு எளிது. கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் நல்லது, 200 இருந்தால் போதும், 150-க்குக் கீழே போனால் குறை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். 8-க்கு 12 அங்குலத்துக்கு 300 வீதம் என்றால் 2400-க்கு 3600 பிக்சல் வேண்டும். 150 வீதம் என்றாலும் 1200-க்கு 1800 தேவை. வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீண்ட பக்கம் சுமார் 1600 பிக்சல்தான் இருக்கும். அந்தக் குழுப்படத்திலிருந்து தாத்தாவை வெட்டியெடுத்தால் 600-க்கு 900 மிஞ்சினாலே அதிர்ஷ்டம். அதை 8-க்கு 12-இல் அச்சிட்டால் அங்குலத்துக்கு 75 பிக்சல் மட்டுமே கிடைக்கும். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டால், எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதும் வாடிக்கையாளரிடம் எதைச் சொல்லலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

அடுத்தது, இதைவிட நல்ல கோப்பு எங்காவது இருக்கிறதா என்று தேடுவது. இதில் செலவழிக்கும் அரை மணி நேரம், மென்பொருளில் செலவழிக்கும் அரை நாளைவிட அதிகப் பலன் தரும் என்பதே என் எண்ணம். படத்தை எடுத்தவரின் கைப்பேசியில் மூலக்கோப்பு இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் அளவும் தரமும் குறையாமல் வந்துசேரும். 2023-இல் வந்த ஹெச்டி தெரிவும் சாதாரண முறையைவிட மேல்தான் என்றாலும் டாக்குமெண்டுக்கு ஈடாகாது. இணையத்தில் தேடியெடுத்த படமாக இருந்தால், தேடல் பக்கத்தில் தெரியும் சிறு முன்னோட்டத்தைச் சேமித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்தப் படம் இருக்கும் பக்கத்துக்கே போனால் முழு அளவு கிடைக்கக்கூடும். திரைப்பிடிப்பு என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மூலத்தைக் கேளுங்கள். படம் வேர்டு கோப்புக்குள் இருந்தால் அதன் பிரதி ஒன்றை எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள டாக்எக்ஸ் என்பதை ஸிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே வேர்டு என்ற கோப்புறையில் மீடியா என்ற கோப்புறை இருக்கும், கோப்பில் செருகிய படங்கள் அங்கே தனித்தனியாகக் கிடக்கும்.

பழைய காகிதப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருந்தால், அந்தக் காகிதத்தையே கேட்டு வாங்கி ஸ்கேன் செய்யுங்கள். 35-க்கு 45 மி.மீ. பாஸ்போர்ட் அளவுப் படத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) ஸ்கேன் செய்தால் 827-க்கு 1063 பிக்சலும், 1200-இல் அதைப்போல் இரு மடங்கும் கிடைக்கும். காகிதத்தில் அவ்வளவு விவரம் இருக்குமா என்பது வேறு விஷயம்; ஆனால் மங்கலாக இருந்தாலும் கட்டம் விழாத ஒரு மூலம் கையில் இருக்கும், அதை வைத்து வேலை செய்வது எளிது.

வேலையின் வரிசையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதலில் அழுக்கு நீக்கம், பிறகு வெளிச்சமும் நிறமும், அதன் பிறகு பெரிதாக்கம், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் ஷார்ப்பன். தொடங்கும்போதே படம் இருக்கும் லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படலம்) டூப்ளிகேட் செய்துகொண்டு, கோப்பைக் கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்-இல் சேமியுங்கள். இடையிடையே ஜேபெக்காகச் சேமித்துத் திறந்து வேலை செய்தால், ஒவ்வொரு முறையும் புதிய இழப்பு சேர்ந்துகொண்டே போகும்.

அறிகுறி: விளிம்புகள் படிக்கட்டாகத் தெரிகின்றன, கட்டங்கள் சுத்தமான ஒரே நிறச் சதுரங்களாக இருக்கின்றன

இது பிக்சல் போதாமை மட்டுமே. படத்தை ஏதோ ஒரு செயலி இடைநிரப்பல் (புதிய பிக்சல்களின் நிறத்தை அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கணக்கிடுவது) இல்லாமல் பெரிதாக்கியிருக்கிறது, அல்லது அச்சகத்தில் அப்படியே இழுத்திருக்கிறார்கள். இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் திறந்து, அந்த இடைநிரப்பலைக் குறிக்கும் இன்டர்பொலேஷன் என்ற இடத்தில் நன் (None) என்பது தேர்வாகியிருந்தால் மாற்றுங்கள். க்யூபிக் பொதுவாக எல்லாவற்றுக்கும் பொருந்தும். நோஹாலோ என்பது விளிம்பை ஒட்டி வெள்ளைக் கோடு விழாமல் பார்த்துக்கொள்வதால், இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கும்போது முகங்களுக்கு அதையே நான் விரும்புவேன்.

ஏற்கெனவே சதுரங்களாகப் பெரிதாக்கப்பட்ட கோப்புதான் கையில் இருக்கிறது என்றால், அதை அப்படியே மேலும் பெரிதாக்கக் கூடாது. 800 சதவீதத்துக்குப் பெருக்கி, ஒரு சதுரம் எத்தனை பிக்சல் அகலம் என்று எண்ணிப் பாருங்கள். நான்கு என்றால், இன்டர்பொலேஷனை நன் என்று வைத்து 25 சதவீதத்துக்குச் சுருக்குங்கள். உண்மையான சிறு படம் இழப்பில்லாமல் திரும்பக் கிடைக்கும். அதிலிருந்து க்யூபிக் முறையில் பெரிதாக்கினால் படிக்கட்டு மறைந்துவிடும், ஆனால் விவரம் கூடாது. மங்கலான, மென்மையான படமே கிடைக்கும். சட்டத்தில் போட்டு ஐந்தடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அதுவே போதுமானது.

முகத்தை மறைப்பதற்காக வேண்டுமென்றே போடப்பட்ட மொசைக் வேறு வகை. அங்கே அசல் பிக்சல்கள் அழிக்கப்பட்டுச் சராசரி நிறம் மட்டுமே வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கடியில் இருந்த முகத்தையோ வண்டி எண்ணையோ எந்த வடிகட்டியாலும் (ஃபில்டர்) வெளியே கொண்டுவர முடியாது. கொண்டுவருவதாகச் சொல்லும் செயலி புதிதாக ஒரு முகத்தை வரைந்துதான் தருகிறது.

அறிகுறி: சுவரிலும் கன்னத்திலும் மெல்லிய சதுரக் கட்டங்கள், எழுத்துகளையும் காலரையும் சுற்றிப் பொடி அழுக்கு

வருகிற படங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்று சொன்னால் மிகையாகாது, ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் படாத நுண்ணிய மாற்றங்களை முதலில் கழித்துவிடுகிறது. அளவுக்கு மீறிக் கழித்தால், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் எல்லைக் கோடு தெரிகிறது. வெள்ளை வேட்டியின் கரும்பச்சைக் கரை, கறுப்பு முடிக்கும் நெற்றிக்கும் இடையிலான கோடு போன்ற கூர்மையான விளிம்புகள் ஒரு கட்டத்துக்குள் வரும்போது, அந்தக் கட்டம் முழுவதும் சாம்பல் நிறத்தில் அலை அலையாக அழுக்குப் பரவுகிறது.

முதலில் கட்டத்தின் அகலத்தை எண்ணுங்கள். வெளிர்–அடர் கட்டங்கள் சரியாக 8 பிக்சல் இருந்தால், இது நேரடியாகச் சுருக்கப்பட்ட கோப்பு. 16 இருந்தால், சுருக்கிய பிறகு யாரோ இரண்டு மடங்கு பெரிதாக்கியிருக்கிறார்கள். அதை 50 சதவீதத்துக்குச் சுருக்கிவிட்டு வேலையைத் தொடங்கினால், வடிகட்டி பாதிச் சிரமத்தில் முடித்துவிடும். நிறத் திட்டுகள் மட்டும் இயல்பாகவே 16 பிக்சல் கட்டங்களாக இருக்கக்கூடும் என்பதால், எண்ணும்போது வெளிச்ச வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும்.

பிறகு டூப்ளிகேட் லேயரில் ஃபில்டர்ஸ், ப்ளர், செலக்டிவ் காஸியன் ப்ளர் என்ற வரிசையில் போங்கள். இதன் சிறப்பு என்னவென்றால், அருகிலுள்ள பிக்சலின் நிறம் மிகவும் வேறுபட்டால் அதைத் தொடாமல் விட்டுவிடும். ஆகவே கட்ட எல்லைகள் கரையும், மூக்கின் கோடும் கண்ணிமையும் நிற்கும். ஆரத்தை 4 அல்லது 5 என்று வைத்து, மேக்ஸ் டெல்டா என்ற அளவை 0.05-இல் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். கன்னத்தில் கட்டம் மறையும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் தோல் மெழுகுபோல் ஆகிவிடும், தாத்தாவின் நெற்றிச் சுருக்கங்கள் காணாமல்போய் ஐம்பது வயது குறைந்துவிடும்.

இந்த வடிகட்டியைப் படம் முழுவதற்கும் ஒரே அளவில் விடாமல், அந்த லேயருக்குக் கறுப்பு மாஸ்க் (கறுப்பான இடத்தில் லேயரை மறைத்து, வெள்ளையான இடத்தில் காட்டும் திரை) சேர்த்து, மென்மையான வெள்ளை பிரஷால் தேவையான இடங்களில் மட்டும் பூசுவதே நல்ல வேலை. பின்னணிச் சுவர், வானம், சட்டையின் வெற்றுப் பரப்பு ஆகியவற்றில் முழுவதும் பூசலாம். கன்னத்திலும் நெற்றியிலும் பிரஷின் ஒப்பாசிட்டியை (அழுத்தத்தை) 50 சதவீதத்துக்குக் குறைத்துப் பூசுங்கள். கண், புருவம், மீசை, முடி இவற்றைத் தொடவே வேண்டாம். அங்கே எஞ்சும் சிறிது அழுக்கு, பிரிண்டில் முடியின் இயல்பான கரடுமுரடாகவே தெரியும். போட்டோஷாப்பில் ரெட்யூஸ் நாய்ஸ் வடிகட்டிக்குள் ரிமூவ் ஜேபெக் ஆர்டிஃபாக்ட் என்ற தெரிவு இருக்கிறது, நியூரல் ஃபில்டர்ஸிலும் இதற்கெனத் தனி வடிகட்டி உண்டு. இரண்டிலும் இதே மாஸ்க் முறையைக் கடைப்பிடிக்கலாம்.

தமிழ் எழுத்துள்ள படங்களில் இன்னொரு எச்சரிக்கை தேவை. பழைய கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, கல்வெட்டுப் படம் போன்றவற்றில் பொடி அழுக்கைப் போக்க மீடியன் ப்ளரையோ டெஸ்பெக்கிளையோ போட்டால், மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியையும் அது அழுக்காகவே எண்ணித் துடைத்துவிடும். ‘பாக்கியம்’ என்ற பெயர் ‘பாககியம’ ஆகிவிடும். வேலை முடியும்வரை அது கண்ணில் படுவதும் இல்லை. எழுத்துப் பகுதியை மாஸ்க்கில் விலக்கிவைத்துவிட்டு, அங்கே கலர்ஸ் மெனுவின் லெவல்ஸ் மூலம் வெள்ளை முனையைச் சற்று இழுத்தாலே, எழுத்தைச் சுற்றியுள்ள சாம்பல் அழுக்குக் காகித வெள்ளையில் கரைந்துவிடும்.

அறிகுறி: சிவப்பு, மஞ்சள் நிறங்கள் விளிம்பைத் தாண்டி வழிகின்றன

கண் வெளிச்ச வேறுபாட்டைத் துல்லியமாகவும் நிற வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் உணர்வதால், ஜேபெக் கோப்புகளில் நிறத் தகவலை இரு திசையிலும் பாதியாகக் குறைத்துச் சேமிப்பது வழக்கம். அரக்குப் பட்டுப்புடவையின் சிவப்பு பக்கத்துக் கையில் படிந்திருப்பதும், குங்குமம் நெற்றியில் கசிந்திருப்பதும் இதனால்தான். புதிதாக ஒரு வெற்று லேயர் சேர்த்து அதன் மோடை (கீழே உள்ள லேயரோடு கலக்கும் முறையை) எல்சிஹெச் கலர் என்று மாற்றுங்கள். கலர் பிக்கரால் கையின் சரியான நிறத்தை எடுத்து, கசிந்த இடத்தில் பூசினால் நிறம் மட்டும் மாறும், வெளிச்சமும் நிழலும் அப்படியே இருக்கும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் சிறிய பரப்புத்தான்.

அறிகுறி: படம் முழுவதும், குறிப்பாக இருட்டில், வண்ணப் புள்ளிகள்

மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படங்களில் இது வரும். கட்டத்துக்குள் அடங்காமல் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடப்பதை வைத்து இதை ஜேபெக் குறையிலிருந்து பிரித்தறியலாம். ஃபில்டர்ஸ், என்ஹான்ஸ், நாய்ஸ் ரிடக்ஷன் என்ற வடிகட்டியில் ஸ்ட்ரெங்த்தை 2 அல்லது 3 அளவில் வைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். சிவப்பும் பச்சையுமான வண்ணப் புள்ளிகள்தான் கண்ணை உறுத்தும். கறுப்பு வெள்ளைப் பொடி சிறிது இருந்தால் அதை விட்டுவிடலாம். ஆகவே வடிகட்டி போட்ட லேயரின் மோடை எல்சிஹெச் கலருக்கு மாற்றிவிட்டால், நிறப் புள்ளிகள் மட்டும் போய் விவரம் கெடாமல் நிற்கும்.

அறிகுறி: கட்டமும் இல்லை, புள்ளியும் இல்லை, ஆனால் மங்கல்

மங்கலிலும் இரண்டு வகை உண்டு. படத்தில் எங்காவது ஒரு சிறிய ஒளிப்பொட்டு இருக்கும். குத்துவிளக்குச் சுடரோ, மூக்குத்திக் கல்லோ, கண்மணியில் விழுந்த வெளிச்சமோ அதைப் பெருக்கிப் பாருங்கள். அது வட்டமாக விரிந்திருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. ஒரு திசையில் கோடாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. இலேசான ஃபோகஸ் தவறை அன்ஷார்ப் மாஸ்க் என்ற கூர்மையாக்கும் வடிகட்டி ஓரளவு தேற்றும். ஆரம் 1 முதல் 1.5 வரை, அமவுண்ட் 0.5 முதல் 0.8 வரை வைத்துத் தொடங்கலாம். விளிம்பை ஒட்டி வெள்ளைக் கோடு தலைகாட்டினால் மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த லேயரின் மோடை எல்சிஹெச் லைட்னஸ் என்று வைத்தால் நிற விளிம்புகள் விழாது.

சற்று அதிகமான மங்கலுக்கு, கிம்போடு இலவசமாகச் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஜிமிக் இணைப்பில் ரிச்சர்ட்சன்–லூசி என்ற ஷார்ப்பன் முறை இருக்கிறது. மங்கல் எப்படி ஏற்பட்டது என்று ஊகித்து அதைப் பின்னோக்கிக் கணக்கிடும் முறை இது. 1990-இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் ஆடிக் கோளாறு 1993-இல் சரிசெய்யப்படும்வரை, அது அனுப்பிய மங்கலான படங்களைத் தெளிவாக்க வானியலாளர்கள் பயன்படுத்திய முறைகளில் இதுவும் ஒன்று. அவர்கள் கையில் சுருக்கப்படாத தரவு இருந்தது. வாட்ஸ்அப் படத்தில் இதை அழுத்தமாகப் போட்டால் ஜேபெக் கட்டங்கள்தான் பெருகும். நன்றாக ஆடிப்போன படத்தை எந்த முறையாலும் மீட்க முடியாது; அதை அளவு குறைத்துச் சிறியதாக அச்சிடுவதே கௌரவமான வழி.

அறிகுறி: வானத்திலோ வெற்றுச் சுவரிலோ பட்டை பட்டையாக நிறம் மாறுகிறது

நிறப் படிகள் போதாமையால் வருவது. இமேஜ், ப்ரிசிஷன் மெனுவில் 16 பிட்டுக்கு மாற்றி, அந்தப் பகுதியை மட்டும் காஸியன் ப்ளரால் மென்மையாக்கி, மேலே மிகக் குறைந்த அளவில் ஆர்ஜிபி நாய்ஸ் சேர்த்தால் பட்டை மறைந்துவிடும். படம் ஜிஃப் கோப்பாக வந்திருந்தால், முதலில் இமேஜ், மோடு மெனுவில் ஆர்ஜிபி என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பல வடிகட்டிகள் இயங்காமல் மங்கி நிற்கும்.

அறிகுறி: வீடியோவிலிருந்து எடுத்த படத்தில் சீப்புப் பல்போலக் கிடைக்கோடுகள்

1990-களின் கல்யாணக் கேசட்டைக் கணினிக்கு மாற்றி, அதிலிருந்து ஒரு காட்சியை நிறுத்திப் படமாக எடுத்துத் தருவார்கள். மறைந்தவரின் வேறு படமே இல்லாத வீடுகளில் இதுதான் ஒரே ஆதாரமாக இருக்கும். இந்தியாவில் வழங்கிய பால் (PAL) என்ற வீடியோ முறையில் நொடிக்கு 25 சட்டங்கள் (ஃப்ரேம்கள்). ஒவ்வொரு சட்டத்திலும் ஒற்றை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டை வரிகள் அடுத்த கணத்திலும் பதிவாகியிருக்கும். இடையில் ஆள் அசைந்திருந்தால் இரண்டும் பொருந்தாமல் கோடு விழும். ஃபில்டர்ஸ், என்ஹான்ஸ், டீஇன்டர்லேஸ் போட்டு, ஒற்றை வரிகளை வைத்துப் பார்த்து, இரட்டை வரிகளையும் வைத்துப் பார்த்து, முகம் நன்றாக இருக்கும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு 720-க்கு 576 பிக்சல் இருந்து முகம் சற்று ஒடுங்கித் தெரிந்தால், அகலத்தை மட்டும் 768 ஆக மாற்றினால் சரியான விகிதம் வந்துவிடும்.

இங்கே புகைப்படத்தில் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. ஆள் அசையாமல் நிற்கும் ஒரு கணத்தில் அடுத்தடுத்த நான்கு சட்டங்களை எடுத்து, நான்கு லேயர்களாக அடுக்கி, கண்ணும் கண்ணும் பொருந்துமாறு நகர்த்தி வையுங்கள். கீழிருந்து மேலாக ஒப்பாசிட்டியை 100, 50, 33, 25 என்று கொடுத்தால், நான்கின் சராசரியே திரையில் தெரியும். நான்கு சட்டங்களின் சராசரியில் புள்ளி அடிப்பு பாதியாகக் குறையும், முகத்தின் விவரமோ குறையாது. எந்த வடிகட்டியும் இவ்வளவு நேர்மையாக வேலை செய்வதில்லை. அது ஊகிக்கிறது, இது உண்மையிலேயே பதிவானதைச் சேர்க்கிறது.

அறிகுறி: பத்திரிகையிலிருந்து எடுத்த படத்தில் ஒழுங்கான புள்ளி வரிசை

அது அச்சுப் புள்ளி. 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, புள்ளிகள் கரையும் அளவுக்கு மட்டும் காஸியன் ப்ளர் போட்டு, பிறகு பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ சுருக்குங்கள். சுருக்காமல் ஷார்ப்பன் செய்தால் புள்ளிகள் உயிர்த்தெழும்.

அறிகுறி: செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டதும் படம் பளிச்சென்று வந்தது, ஆனால் ஆள் வேறு

இப்போது பலரும் முதலில் போய் நிற்கும் இடம் இது. 2021-இல் வெளிவந்த ரியல்–ஈஎஸ்ஆர்கான் போன்ற மாதிரிகளைக் கொண்டு இயங்கும் அப்ஸ்கேல் என்ற இலவச மென்பொருள், படத்தை இணையத்தில் ஏற்றாமல் சொந்தக் கணினியிலேயே நான்கு மடங்கு பெரிதாக்கித் தரும். கட்டடம், துணி, மரம், நகை ஆகியவற்றில் அது தரும் பலன் வியப்பூட்டக்கூடியது. முகத்தில்தான் சிக்கல். இந்த மாதிரிகள் இழந்த விவரத்தை மீட்பதில்லை. தாம் பயின்ற லட்சக்கணக்கான படங்களை வைத்து, அங்கே என்ன இருந்திருக்கக்கூடும் என்று ஊகித்து வரைகின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பல்ஸ் என்ற மென்பொருளிடம் 2020-இல் பராக் ஒபாமாவின் பிக்சல் உடைந்த சிறு படத்தைக் கொடுத்தபோது, வெள்ளையர் ஒருவரின் முகம் வெளிவந்தது அப்போது பெரும் விவாதமானது.

நம் வீட்டுப் படங்களில் இந்த ஊகம் எங்கே தவறுகிறது என்று குறிப்பாகப் பார்க்க வேண்டும். மூன்று கீற்றுத் திருநீறு நெற்றிச் சுருக்கமாக மாறியிருக்கும், இரண்டு மூன்று பிக்சலே இருந்த மூக்குத்தி துடைக்கப்பட்டிருக்கும், மச்சம் போயிருக்கும், வெற்றிலைக் கறை படிந்த பல் வரிசை வெண்மையாக நிரம்பியிருக்கும், பாம்படம் தொங்கி நீண்ட காதுமடல் சாதாரணக் காதாகச் சுருங்கியிருக்கும். படத்தைப் பார்க்கும் மகளுக்கு, என்னவென்று சொல்லத் தெரியாமல், ‘அம்மா மாதிரி இல்லையே’ என்று மட்டும் தோன்றும்.

ஆகவே அந்தப் படத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், க்யூபிக் முறையில் அதே அளவுக்குப் பெரிதாக்கிய அசலைக் கீழே வைத்து, செயலி தந்ததை மேல் லேயராக வையுங்கள். மேல் லேயரின் கண் அடையாளத்தை அழுத்தி அழுத்தி மறைத்தும் காட்டியும் பார்த்தால், எது மாறியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். பின்னணிக்கும் உடைக்கும் மேல் லேயரை முழுவதும் விட்டுவைக்கலாம். முகத்தில் மாஸ்க் மூலம் 30 அல்லது 40 சதவீதம் மட்டும் தெரியுமாறு செய்யுங்கள். கண், மூக்கு நுனி, உதட்டோரம் ஆகிய மூன்றிலும் அசலையே நிறுத்துங்கள். முகம் சற்று மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் அவர் அவராக இருப்பார். அடையாள அட்டைக்கோ வழக்கு ஆவணத்துக்கோ போகும் படங்களில் இத்தகைய செயலிகளை அறவே தவிர்க்க வேண்டும்.

அறிகுறி: திரையில் நன்றாக இருக்கிறது, அச்சில் மட்டும் உடைகிறது

முடித்த வேலையை, பிரிண்ட் போடும் லேபுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினீர்களா என்று முதலில் யோசியுங்கள். அப்படியானால் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டீர்கள். பென்டிரைவிலோ டாக்குமெண்டாகவோ கொடுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது ஜேபெக் தரத்தை 95-க்கு மேல் வைத்து, சப்சாம்ப்ளிங் என்ற இடத்தில், நிறத் தகவலைக் குறைக்காத 4:4:4 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இமேஜ் மெனுவின் ப்ரிண்ட் சைஸில் 300 என்று எண்ணை மாற்றுவதால் மட்டும் தரம் கூடிவிடாது. அது பிக்சல்களைத் தொடுவதில்லை, காகிதத்தில் எவ்வளவு இடம் பிடிக்க வேண்டும் என்பதை மட்டுமே குறிக்கிறது. ஃபிளெக்ஸ் பேனருக்கு அங்குலத்துக்கு 72 பிக்சலும் அதற்குக் குறைவும்கூடத் தாங்கும், பார்ப்பவர்கள் சாலையின் மறுபக்கம் நிற்பார்கள். அதே கோப்பைக் கையில் பிடிக்கும் நினைவஞ்சலி அட்டைக்குக் கொடுத்தால் நிச்சயம் உடையும்.

பளபளப்புத் தாளில் குறைகள் எடுப்பாகத் தெரியும், மேட் தாள் அவற்றை ஓரளவு மறைக்கும் என்பதால், சந்தேகமான படங்களுக்கு மேட் தாளையே கேட்டு வாங்குங்கள். முழு அளவு பிரிண்டுக்குப் போவதற்கு முன், இறுதிக் கோப்பிலிருந்து முகம் இருக்கும் பகுதியை மட்டும், அளவு மாற்றாமல், 6-க்கு 4 அங்குலம் வெட்டியெடுத்து ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள். ஷார்ப்பன் மீறியிருந்தாலும், தோல் மெழுகாகியிருந்தாலும், கட்டம் மிச்சமிருந்தாலும் அந்தச் சிறு பிரிண்டிலேயே தெரிந்துவிடும். அதற்கேற்ப லேயர்களின் ஒப்பாசிட்டியைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி எக்ஸ்போர்ட் செய்துகொள்ளலாம்.